ஒரே நாற்று, மூன்று விதப் பூ: இருபது சென்ட் செண்டுமல்லி

இந்தப் புரட்டாசியில் எங்கள் தோட்டத்துச் செண்டுமல்லி கடையில் முதல் தரமாக எடை போடப்பட்டது. நிலக்கோட்டைப் பக்கம் கிணற்றடியில் இருபது சென்ட், செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். இதே நிலத்தில், இதே ஆரஞ்சு நிற வீரிய ஒட்டு ரகத்தை மாசியில் நட்டு சித்திரையில் பூ எடுத்தபோது, வந்த பூவில் பாதிக்கு மேல் கடைசி விலைக்குத்தான் போனது. ரகம் ஒன்று, மண் ஒன்று, நட்ட கையும் ஒன்று. அப்படியிருந்தும் இரண்டு பட்டத்துப் பூவையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ரகம் என்றுதான் யாரும் சொல்வார்கள். இந்தப் பட்டத்தில் ஒரே வயலுக்குள்ளேயே மூன்று விதமாகப் பூ வந்தது. நோட்டில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கோடைப் பூவைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்த்தால் நடுவில் இதழ் மூடாமல் மஞ்சள் கண் தெரியும். இதழ் மெல்லியதாக, ஓரம் சுருண்டிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பொசுக்கென்று அமுங்கும். நல்ல பூ அழுத்தினால் திருப்பித் தள்ள வேண்டும். கடைக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, “தம்பி, கண்ணு தெறந்த பூவு மாலைக்கு நிக்காது, உதிரிக்குத்தான் போடணும்” என்றார். வேப்ப மரத்தில் தொங்கவிட்ட வெப்பமானியில் அந்த நாட்களில் மதியம் 38, 39 டிகிரி. செண்டுமல்லிக்கு 35 டிகிரிக்கு மேல் போனாலே பூ சிறுக்கும், மொட்டும் குறையும். அதோடு மின்சாரம் வரும் நேரத்துக்குத் தண்ணீர் விட்டதால் செடி ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் ஊறியும் கிடந்தது. கடைசியில் செம்பேன் விழுந்து இலை அடியில் வலை பின்னிவிட்டது. அந்தப் பட்டத்தில் ஐம்பது பூ எடை போட்டால் 270 கிராம். குறுக்களவு நாலரை முதல் ஐந்து சென்டிமீட்டர்.

ஆகவே இந்த முறை முதலில் மாற்றியது மாதத்தை. ஆடி முதல் வாரம் நட்டால் புரட்டாசி தொடக்கத்தில் பூ திறக்கும், ஆயுத பூஜை நேரத்தில் நல்ல எடுப்பு இருக்கும். ஓணத்துக்குக் கேரளா அனுப்ப நினைப்பவர்கள் ஆனியிலேயே நட்டுவிட வேண்டும். செண்டுமல்லி பகல் குறைந்தால் சீக்கிரம் பூக்கும் செடி. ஆனால் நம் பக்கம் ஆனியின் நீளமான பகலுக்கும் மார்கழியின் குட்டைப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். வடநாட்டில் பகல் நீளம் பெரிய விஷயம், இங்கே எனக்குக் கைகொடுத்தது வெயில் தணிந்ததுதான். பூ எடுத்த வாரங்களில் மதியம் 33, 34 டிகிரி, இரவு 23 வரை இறங்கியது.

நிலத்தை ரோட்டவேட்டர் விட்டு ஓட்டி, ஒரு டிப்பர் மக்கிய தொழு உரம் போட்டேன். மண் பரிசோதனையில் கார அமில நிலை 7.8. செண்டுமல்லி தாங்கும் எல்லையைச் சற்றே தாண்டிய காரப் போக்கு. அதனால் பின்னால் இளம் இலை வெளிறும் என்று எதிர்பார்த்து அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) அரைக் கிலோ வாங்கி வைத்தேன். நட்ட மூன்றாவது வாரத்தில் அது தேவைப்பட்டது. நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் மஞ்சளாகக் கொழுந்து வந்தது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, ஒரு வாரம் விட்டு இரண்டு தடவை மாலையில் தெளித்தேன். அடுத்த கொழுந்து பச்சையாக வந்தது.

பார் (செடி நட நீளமாக மேடாக்கிய மண் வரிசை) பிடித்தது இரண்டடி இடைவெளியில், செடிக்குச் செடி ஒன்றரை அடி. கோடையில் ஒன்றரை அடிக்கு ஒரு அடி என்று நெருக்கி நட்டதில் செடிகள் ஒன்றோடொன்று முட்டி, அடியில் காற்றே போகவில்லை. வீரிய ஒட்டு ரகம் நன்றாகப் படரும், அதற்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். பார் வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்கு ஓரத்தில் தென்னை வரிசை. கிழக்கு ஓரம் தாழ்வு, அதை ஒட்டி வாய்க்காலும் பக்கத்துக்காரர் நெல் வயலும். இந்த இரண்டு ஓரமும் பின்னால் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தன.

நாற்று குழித்தட்டில் வளர்ந்தது, ஒன்று மூன்று ரூபாய், மொத்தம் 2,600 நாற்று. நாற்று வாங்கும்போது வயதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இருபத்தைந்து நாளை ஒட்டிய நாற்று சரி. தட்டிலிருந்து இழுத்தால் வெள்ளை வேர் தென்னை நார்க்கழிவை முழுக்கப் பிடித்திருக்கும், ஆனால் அடியில் சுருண்டு சுற்றியிருக்காது. எனக்குக் கடைசி இரண்டு பாருக்கு நாற்று பற்றவில்லை. நர்சரியில் மிச்சம் இருந்தது முற்றிய நாற்று, நுனியில் பச்சைப் பட்டாணி அளவு மொட்டு வைத்திருந்தது. நட்டுப் பார்ப்போம் என்று அதையும் நட்டேன். மொட்டைக் கிள்ளிவிட்டும் அந்த இரண்டு பாரும் கடைசி வரை எழவில்லை. மற்ற செடிகள் இடுப்பு உயரம் வந்தபோது அவை முழங்காலைத் தாண்டவில்லை. பூ மட்டும் முதலில் வந்தது, முதலில் ஓய்ந்தும் போனது.

உரக் கணக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி. ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 90:90:75 கிலோ. அதை இருபது சென்டுக்குச் சுருக்கினால் டிஏபி 16 கிலோ, பொட்டாஷ் 10 கிலோ, யூரியா ஒன்பதரைக் கிலோ. டிஏபியும் பொட்டாஷும் அடியுரமாகப் போய்விட்டன. அதோடு யூரியாவில் ஒன்றரைக் கிலோவும், வேப்பம்புண்ணாக்கு ஐம்பது கிலோவும். மீதி யூரியா நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் மண் அணைக்கும்போது. நடுவில் இரண்டு பாருக்கு மட்டும் சோதனைக்காக யூரியாவை இரண்டு மடங்காகக் கொடுத்தேன். எங்கள் பக்கம் இலை கறுகறுவென்று இருந்தால் பயிர் நன்றாக இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதைப் பார்த்துவிடலாம் என்றுதான்.

செடி அப்படித்தான் ஆனது. கரும்பச்சை, மற்றதைவிட அரை அடி உயரம், தண்டு விரல் பருமன். வழியில் போகிறவர்கள் அந்த இரண்டு பாரைத்தான் நின்று பார்த்தார்கள். ஆனால் பூ பத்து நாள் பிந்தியது. வந்த பூவின் காம்பு நீளமாக, உள்ளே சாறு நிறைந்து சதைப்பற்றாக இருந்தது. முதல் மாலை மழையில் அந்தப் பார்களில்தான் அதிகக் கிளை ஒடிந்தது. மொட்டுப் புழுவும் இலைப்பேனும் அங்கேதான் முதலில் தெரிந்தன. இலையின் நிறத்தைப் பார்த்து யூரியா வைக்கும் பழக்கம் இந்தப் பயிருக்கு ஆகாது என்பது எனக்கு உறுதி.

தண்ணீர் சொட்டுநீர்தான். பழைய 16 மில்லிமீட்டர் குழாய், 40 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, மணிக்கு 4 லிட்டர். மொட்டு வைக்கும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம், அதன் பிறகு தினமும் இருபது நிமிடம். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பார்ப்பேன். உருண்டை பிடித்தால் அன்று தண்ணீர் வேண்டாம். மோட்டாருக்கு டைமர் போட்டது 1,400 ரூபாய். இதைப் பூக்கணக்கில் சேர்க்கவில்லை, தோட்டத்துக்குப் பொதுச் செலவு. ஆனால் கோடையில் இருந்த காய்ச்சலும் ஊறலும் நின்றதற்கு அந்த டைமர்தான் காரணம். மொட்டு உதிர்வது கண்கூடாகக் குறைந்தது.

நுனி கிள்ளுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நட்டு நான்கு வாரம் ஆனதும் நான்கைந்து ஜோடி இலைக்கு மேலே இருக்கும் கொழுந்தை நகத்தால் கிள்ளிவிட்டோம். கிள்ளும் பக்குவம் விரலிலேயே தெரியும். சட்டென்று ஒடிந்தால் சரி, நார் இழுத்தால் நாள் தாண்டிவிட்டது. நான்கு பாரைக் கிள்ளாமல் விட்டேன். அவற்றில் நடுத்தண்டின் உச்சியில் பெரிய பூ முதலில் வந்தது. எட்டு சென்டிமீட்டர், வயலிலேயே பெரிய பூ. மற்ற பார்களைவிட ஏறக்குறைய பத்து நாள் முந்தியது. அதற்கப்புறம் பக்கக் கிளையில் வந்தவை அளவு கலந்து வந்தன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கிள்ளிய செடியில் அந்த ஒற்றைப் பெரிய பூ இல்லை. பதிலாக ஆறேழு கிளை கிளம்பி, ஒரே எடுப்பில் ஒரே அளவுப் பூ எட்டு, பத்து கிடைத்தது. மாலை கட்டுகிறவர்களுக்கு வேண்டியது இந்த ஒரே அளவுதான். ஒரு பூ பெரிதாக இருந்து பக்கத்துப் பூ சிறிதாக இருந்தால் மாலை கோணும். ஆனால் கிள்ளாமல் விட்டால் பத்து நாள் முந்தும் என்பதும் உபயோகமான விஷயம். பண்டிகை தேதிக்குப் பயிர் கொஞ்சம் பிந்துகிறது என்று தெரிந்தால் ஒரு பகுதியைக் கிள்ளாமல் விட்டுப் பிடித்துக்கொள்ளலாம்.

நாற்பத்தைந்தாம் நாள் களை வெட்டி, மண் அணைத்து, பத்தடிக்கு ஒரு சவுக்குக் குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் பாரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கயிறு கட்டினோம். கயிறும் குச்சியும் சேர்த்து 900 ரூபாய். இந்தச் செலவை யோசிக்கவே வேண்டாம். செண்டுமல்லியின் பாரம் முழுக்க மேலேதான் இருக்கிறது. பூவில் தண்ணீர் ஏறிவிட்டால் கிளை கணுவோடு பிய்ந்துவிடும்.

பூ திறந்தபின்தான் ஓரங்களின் கதை தெரிந்தது. தென்னை ஓரத்து ஆறு பாருக்கு மதியம் ஒன்றரைக்கு மேல் நேர் வெயில் கிடையாது. நாற்றுப் பருவத்தில் அந்தச் செடிகள்தான் நன்றாக இருந்தன. வாடவில்லை, இலை பெரிது, உயரமும் அதிகம். ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, கிள்ளியும் நான்கு கிளைக்கு மேல் வரவில்லை. பூ இரண்டு வாரம் பிந்தியது. தென்னை வேர் சொட்டுநீரில் பாதியை இழுத்துக்கொண்டதும் ஒரு காரணம். அங்கே ஒரு சாண் தோண்டினால் செண்டுமல்லி வேரைவிடத் தென்னை வேர்தான் கையில் வந்தது. ஒரே நாள் காலையில் மூன்று இடத்திலிருந்தும் ஐம்பது ஐம்பது பூ பறித்து, சமையலறைத் தராசில் போட்டேன். நடு வயல் 540 கிராம். தென்னை ஓரம் 350. கிழக்குத் தாழ்வு 430. பள்ளிக்கூட ஸ்கேலில் குறுக்களவு, நடு வயலில் ஏழு முதல் ஏழரை சென்டிமீட்டர், தென்னை ஓரத்தில் ஐந்தரை. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நடு வயலில் தொண்ணூறு சொச்சம் பூ, நிழலில் நூற்று நாற்பதைத் தாண்டும். பறிக்கிற கூலி ஒன்றுதான். நிழல் பூவில் ஒரு கிலோ சேர்க்க ஒன்றரை மடங்கு கை வேலை.

நிழல் பூவில் ஆச்சரியமான ஒன்று, நிறம் மோசமில்லை. வெயிலில் வெளுக்காததால் ஆரஞ்சு நன்றாகவே இருந்தது. ஆனால் இதழ் அடுக்கு குறைவு. காம்போடு பிடித்து லேசாக உதறினால் நடு வயல் பூ அசையாது, நிழல் பூவில் இதழ் தளர்ந்து ஆடும்.

கிழக்குத் தாழ்வில் முதல் மழை வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை, பூ கொஞ்சம் சிறிது, அவ்வளவுதான். நெல் வயலிலிருந்து கசிவு வர ஆரம்பித்ததும் அடி இலை மஞ்சளாகிக் கொட்டியது. அந்தப் பார்களுக்குச் சொட்டுநீரை நிறுத்தினேன், வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு அடி ஆழத்தில் வடிகால் வெட்டினோம். அதற்குள் மூன்று பாரில் செடி பகலில் வாடி இரவில் தெளிவதும், அப்புறம் தெளியாமலே போவதுமாக ஆகிவிட்டது. பிடுங்கினால் வேர்த் தோல் கழன்று கையோடு வந்தது. சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை ஊற்றிப் பார்த்தேன், அழுகிய செடிக்கு அது உதவவில்லை. பக்கத்துச் செடிகள் தப்பியதற்கு வடிகாலைத்தான் சொல்வேன்.

மழைக்காலப் பூவைக் கையாளுவது தனி வேலை. மாலையில் மழை பெய்தால் பூ தண்ணீரை இதழுக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். அடுத்த நாள் அதே பூவைப் பிளந்து பார்த்தால் மேல் இதழ் பளிச்சென்று இருக்கும், அடியில் பச்சைக் கிண்ணத்துக்குள் இதழின் வெள்ளைக் கால் பழுப்பாகி, புளித்த வாடை வரும். கடையில் இதைத் தண்ணிப் பூ என்று உடனே ஒதுக்குவார்கள். எடை கூடுகிறதே என்று அனுப்பினால் அன்றைய மொத்தச் சரக்குக்கும் விலை இறங்கும். மேகம் கூடும் நாட்களில் மதியமே பறித்துவிட ஆரம்பித்தோம். தவறி நனைந்த பூவைக் களத்தில் தார்ப்பாயில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில் மின்விசிறி வைத்து ஆற்றினோம். பூ எடுக்க வரும் அக்கா ஒரு யோசனை சொன்னார். பறிக்கும்போதே காம்பைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறு உதறிப் பையில் போடுவது. தண்ணீர் பாதி அங்கேயே போய்விடும். இலைப்புள்ளி மழையோடு வந்தது, மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் தெளித்ததில் அடங்கியது.

சாக்கு விஷயமும் தரத்தில் சேர்ந்ததுதான். முப்பது கிலோ சாக்கில் அமுக்கிக் கட்டிக் கொண்டுபோன நாளில், கடையில் அவிழ்த்து அடியில் கை விட்டபோது பூ வெதுவெதுவென்று சூடாக இருந்தது. அடிப் பூ அமுங்கி இதழ் கசங்கியும் போயிருந்தது. அன்றிலிருந்து வலைச் சாக்கில் பதினைந்து கிலோவுக்கு மேல் போடுவதில்லை. அதே வயல், அதே பூ, விலை கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் ஏறியது.

கடைசிக் கட்டத்தில், மழை இடைவெளி விட்ட நாட்களில், செம்பேன் எட்டிப் பார்த்தது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலை நேரத்தில். கோடையில் வெயிலோடு கந்தகம் அடித்தால் இலை கருகும் என்பதால் அப்போது துணிந்து அடிக்க முடியவில்லை. இந்தப் பருவத்தில் அந்தத் தொல்லை இல்லை.

செலவுக் கணக்கு. உழவு 1,100, தொழு உரம் 3,500, நாற்று 7,800, உரமும் புண்ணாக்கும் 2,300, மருந்து 1,600, கயிறும் குச்சியும் 900, நடவு, களை, மண் அணைப்புக் கூலி 4,800. பூ எடுப்பதற்கு முன்பே 22,000 ரூபாய். மூன்று நாளைக்கு ஒரு எடுப்பு என்று இரண்டு மாதம், இரண்டு பேருக்கு அரை நாள் கூலி 400, ஆக 8,000. மொத்தம் 1,550 கிலோ பூ. விலை கிலோ 12 ரூபாயிலிருந்து ஆயுத பூஜைக்கு முந்திய இரண்டு நாளில் 90 வரை ஏறி மறுபடி இறங்கியது. விற்ற மொத்த வரவு 47,000. அதில் பத்து சதவீதம் கமிஷன் 4,700, வண்டிக் கூலி 1,300. கடைசியில் நின்றது 11,000. எங்கள் வீட்டு உழைப்பை இதில் கணக்கில் எடுக்கவில்லை. கோடைப் பட்டத்தில் முதலே திரும்பவில்லை என்பதால் இது எனக்கு நல்ல கணக்குதான். ஆனால் ஓரங்களில் போட்ட ஐந்நூற்றுச் சொச்சம் நாற்றுக்கும் அவற்றுக்கான கூலிக்கும் ஏற்ற பூ வரவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.

அடுத்த ஆடிக்கு மாற்றப்போவது இவை. தென்னை ஓரத்து ஆறு பாரில் செண்டுமல்லி கிடையாது. அந்த நிழலில் மஞ்சள் கிழங்கு நன்றாக வரும், அதை வைக்கலாம் என்று இருக்கிறேன். கிழக்குப் பக்கம் பாரை ஒரு அடி உயர்த்தி, வடிகாலை நடவுக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். நாற்றை இரண்டு தவணையாக, இரண்டு வார இடைவெளியில் எடுக்க வேண்டும். பண்டிகை விலை இரண்டு நாள்தான் நிற்கிறது, அன்று எல்லாச் செடியும் ஒன்றாக உச்சத்தில் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. முதல் தவணையில் ஐந்தில் ஒரு பங்கைக் கிள்ளாமல் விடுவேன். யூரியாவில் இன்னும் இரண்டு கிலோ குறைத்துப் பார்க்கவும் எண்ணம். சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கிரேட் வாங்க ஒன்றுக்கு 350 ரூபாய் கேட்கிறார்கள், எட்டு வாங்கினால் போதும்.

பூ ஓய்ந்த செடியைப் பிடுங்கி எரிக்கவில்லை. நோய் விழுந்த கிழக்குப் பார்ச் செடிகளை மட்டும் வெளியேற்றிவிட்டு, மற்றதை வேரோடு ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழுதிருக்கிறோம். செண்டுமல்லி வேர் இருந்த மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு குறையும். போன தடவை இந்த நிலத்தில் தக்காளி போட்டபோது வேரெல்லாம் முடிச்சாக இருந்தது. தையில் அங்கே மறுபடி தக்காளிதான், நாற்றுக்குச் சொல்லியாயிற்று.